கதவும் திண்ணையும்

அரக்கோணத்தில் கடல் இல்லை. பெரிய ரயில் சந்திப்பு இருக்கிறது. வடக்கே பதின்மூன்று கிலோமீட்டரில் திருத்தணி மலை இருக்கிறது. கடலைப் பார்க்க வேண்டுமென்று குழந்தைகள் அடம் பிடித்தால், சென்னைக்கு ரயிலேறி ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர் போகவேண்டும்.

ஆனாலும் எங்கள் ஊர் வானத்துக்குக் கடலோடு ஓர் உறவு உண்டு. 1992-ஆம் ஆண்டு முதல் இங்கே ராஜாளி என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. கடலைக் காவல் காக்கும் விமானங்கள் எங்கள் மொட்டை மாடிகளுக்கு மேலே இரைந்துகொண்டு போகும். துணி உலர்த்தும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

அந்தத் தளத்தில் வேலை பார்த்து, நாற்பது வயதுக்குச் சற்று மேல் ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் தெருக்காரர். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. ஓய்வு பெற்றவர்கள் பலரும் காவல் வேலைக்கோ வங்கி வாசலுக்கோ போவார்கள். இவர் பாய்மரப் படகில் ஏறினார். கடற்படையில் இருந்தபோது பாய் விரிக்கக் கற்றுக்கொண்ட ஆசை அவரை விடவில்லை. உலகம் சுற்றும் வெளிநாட்டுத் தம்பதி ஒருவரின் படகில், 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உதவி ஆளாகச் சேர்ந்தார். வீட்டில் எண்பது வயதுத் தாயார் மட்டும்.

இந்தக் கட்டுரை அவருடைய சாகசத்தைப் பற்றியதல்ல. அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மூன்றே சொற்கள். நான் ஆசிரியனாக முப்பது ஆண்டு கேள்வி கேட்டவன், கதை எழுதுகிறவன், பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்தக் கேள்வி இன்றும் என் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் எழுதுகிறேன்.

பாய்மரப் படகில் நாடு நாடாகப் போகிறவர்களுக்கு ஒரு நடைமுறை உண்டு. அதை அவர் பின்னால் எனக்கு விளக்கினார். ஒரு துறைமுகத்தை விட்டுக் கிளம்பும்போது குடிநுழைவு, சுங்கம், துறைமுக அலுவலகம் என்று ஒவ்வொரு மேஜையாகப் போய் முத்திரை வாங்க வேண்டும். கடைசியில் ஒரு தாள் தருவார்கள்: இந்தப் படகு, இன்னின்ன ஆட்களோடு, எங்களிடம் கணக்குத் தீர்த்துப் புறப்பட்டது என்று. அது கையில் இல்லாவிட்டால் அடுத்த நாடு சேர்த்துக்கொள்ளாது. அடுத்த நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து பன்னிரண்டு கடல்மைல். அதற்குள் நுழைந்ததும் பாய்மரத்தின் வலப்பக்கக் கயிற்றில் ஒரு மஞ்சள் கொடி ஏற்ற வேண்டும். அதிகாரிகள் வந்து பார்த்து அனுமதி தரும்வரை படகின் தலைவரைத் தவிர யாரும் கரையில் கால் வைக்கக் கூடாது. மதுவும் புகையிலையும் இருந்தால் சுங்கத்தார் கணக்கெடுத்து முத்திரை வைப்பார்கள். சொல்லப்போனால், சுங்கத்தின் கண்ணுக்குப் படகே ஒரு சரக்குதான். குறித்த காலத்துக்கு மேல் தங்கினால் அதற்கு இறக்குமதி வரி கேட்கலாம்.

அந்த மஞ்சள் கொடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஒரு காலத்தில் மஞ்சள் கொடி என்றால் கப்பலில் நோய் இருக்கிறது, கிட்டே வராதீர்கள் என்று அர்த்தம். இன்று அதன் அர்த்தம் தலைகீழ். 'எங்கள் கப்பலில் நோய் இல்லை. கரையோடு கலந்து பழக அனுமதி கேட்கிறோம்' என்று அது சொல்கிறது. அச்சுறுத்திய கொடியே விண்ணப்பமாக மாறிவிட்டது. நம் வீடுகளில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம் அல்லவா? அதுவும் ஒரு கொடிதான். 'உள்ளே வராதே' என்கிறது. கூடவே, 'உள்ளே ஒருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்றும் சொல்கிறது.

நமது நண்பரின் படகு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு துறைமுகத்தில் கணக்குத் தீர்த்துக்கொண்டு மேற்கே புறப்பட்டது. பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டம். கிளம்பியபோது அடுத்த துறைமுகம் திறந்திருந்தது. போய்ச் சேர்ந்தபோது மூடியிருந்தது. வானொலியில் குரல் மரியாதையாகத்தான் பேசியதாம்: "மன்னிக்கவும். எங்கள் எல்லைக்குள் வர அனுமதி இல்லை. வேறெங்காவது செல்லுங்கள்." புறப்பட்ட இடத்துக்கே திரும்பலாம் என்றால், காற்று எதிர்முகம், மேலும் அங்கே இவர்கள் வெளியேறிவிட்டதாக முத்திரை குத்தியாகிவிட்டது, அந்த நாடும் இதற்குள் கதவைச் சாத்திவிட்டது. மூன்று இரவுகள் எல்லைக்கு வெளியே பாயைச் சுருக்கிக்கொண்டு அலைந்தார்கள். குடிநீரைத் தம்ளரில் அளந்து குடித்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இல்லை. மஞ்சள் கொடி பறந்துகொண்டே இருந்தது, படிக்கத்தான் ஆளில்லை.

இந்த நிலை அவர்கள் ஒரு படகுக்கு மட்டும் வந்ததல்ல. அந்த ஆண்டு உலகக் கடல்களெங்கும் பாய்மரப் படகுகள் இப்படித் திகைத்து நின்றன. தென் பசிபிக்கில் இருந்தவர்கள் நவம்பரில் புயற்காலம் தொடங்குமுன் நியூசிலாந்து போய்ச் சேர வேண்டும். நியூசிலாந்து கதவைச் சாத்தியிருந்தது. பொழுதுபோக்குக்குப் படகேறியவர்களை விடுங்கள். பிழைப்புக்குக் கப்பலேறிய மாலுமிகளில் ஏறக்குறைய நான்கு லட்சம் பேர், ஒப்பந்தக் காலம் முடிந்தும் கரையிறங்க முடியாமல் கப்பலிலேயே சிக்கியிருந்ததாக 2020-இன் இறுதியில் கணக்கிட்டார்கள். ஜக் ஆனந்த் என்ற நம் நாட்டு நிலக்கரிக் கப்பல், இருபத்து மூன்று இந்திய மாலுமிகளோடு, அந்த ஆண்டு ஜூன் மாதம் முதல் சீனத் துறைமுகம் ஒன்றின் வெளியே நங்கூரமிட்டு மாதக்கணக்கில் நின்றது. அந்த மாலுமிகள் ஊர் திரும்ப 2021 ஜனவரி ஆகிவிட்டது. அதில் தொற்றுநோய் விதியும் வியாபாரப் பிணக்கும் கலந்திருந்தன. நடுவில் நின்ற மாலுமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கதவைச் சாத்தியவர்களையெல்லாம் கல்நெஞ்சர்கள் என்று எழுதிவிடுவது எளிது. வாசகர்களுக்கும் கண்ணில் நீர் வரும். ஆனால் அது உண்மையாகாது.

1918-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி, ஆக்லாந்திலிருந்து வந்த தலூன் என்ற கப்பல் மேற்குச் சமோவாத் தீவின் ஆப்பியா துறைமுகத்தில் நின்றது. கப்பலில் விஷக்காய்ச்சல்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் தடுப்பார் இல்லை, இறங்க விட்டார்கள். இரண்டு மாதத்துக்குள் அந்தத் தீவு மக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் மாண்டுபோனார்கள். பக்கத்திலேயே இருந்தது அமெரிக்கச் சமோவா. அங்கே ஆளுநராக இருந்தவர் எந்தக் கப்பலையும் அண்ட விடாமல் கடலுக்கே பூட்டுப் போட்டார். அந்தக் காய்ச்சலால் அங்கே ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதே காய்ச்சல் நம் நாட்டிலும் கப்பல் வழியாகப் பம்பாயில் இறங்கியதுதான். அது கொண்டுபோன உயிர்கள் ஒரு கோடிக்கும் மேல்.

ஆகவே பயம் பாவமல்ல. ஒரு சிறு தீவு, ஒரே ஓர் ஆஸ்பத்திரி, நாலு கட்டில். அந்தத் தீவின் தலைவர் 'வராதே' என்று சொன்னால் அவரைக் குற்றம் சொல்ல நான் யார்? கருணை என்ற பெயரில் கதவைத் திறந்துவிட்டு ஊரையே சுடுகாடாக்குவது தர்மமாகுமா?

ஒவ்வொரு கதவும் நியாயமாகத்தான் மூடப்பட்டது. ஆனால் எல்லாக் கதவுகளும் நியாயமாக மூடப்பட்ட பிறகு மிஞ்சியது என்ன? நிற்க இடமில்லாத ஒரு மனிதன். தனித்தனியாகக் கூட்டிப் பார்த்தால் எங்கும் தவறில்லை. மொத்தத்தில் பெரிய அநியாயம். இந்தக் கணக்குக்கு யார் பொறுப்பு? இதுதான் என்னை உறுத்துகிற விஷயம்.

இதைக் கடலில் வைத்து யோசிப்பதைவிட, எனக்குத் தெரிந்த தரையில் வைத்து யோசிக்கிறேன்.

எங்கள் பக்கத்து எல்லை வயதில் இளையது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. கூப்பிடு தூரத்தில் தெரிகிற முருகனைப் பார்க்க அரக்கோணத்துக்காரன் மாநில எல்லையைத் தாண்ட வேண்டியிருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மற்றவர்களும் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி, 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. கோடு சில மைல் வடக்கே நகர்ந்து பொன்பாடிக்கு அப்பால் போய் நின்றது. கோட்டின் இரு பக்கமும் அதே சொந்தம், அதே பெண் கொடுக்கல் வாங்கல். என் அக்காவை நகரியில்தான் கொடுத்திருக்கிறது. அறுபது வருஷமாக அந்தக் கோடு இருப்பதே எங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் பலகைகளின் எழுத்து மாறும், அவ்வளவுதான்.

2020-இல் அந்தக் கோடு திடீரென்று எழுந்து நின்றது. வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம் அருகே சைனகுண்டாவிலும் பொன்னை வழியிலும், ஆந்திரா போகும் சாலைகளின் குறுக்கே ஏப்ரல் மாதக் கடைசியில் கல் அடுக்கிச் சுவரே எழுப்பிவிட்டார்கள். சாலை நடுவே சுவர்! ஓரிரு நாளில் இடித்தும் விட்டார்கள். அந்தச் சுவரின் படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குள் சிரிப்பு அடங்கியது.

மே மாதத்தில் அக்காவின் கணவர், என் மாமா, காலமானார். தொற்று அல்ல, இருதயம். கல்யாணம், மருத்துவம், மரணம் போன்ற சில காரணங்களுக்குத்தான் அப்போது பயண அனுமதி. தமிழகத்தின் அனுமதிச் சீட்டு கிடைத்தது. ஆந்திரத்தின் அனுமதி வேறு. அதற்கு இன்னொரு வாசல், இன்னொரு விண்ணப்பம். அது வரவில்லை. வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கிளம்பிப் பொன்பாடிச் சோதனைச் சாவடியில் போய் நின்றேன். கடலில் நம் நண்பர் நின்ற அதே நிலைதான்: இந்தப் பக்கம் வெளியேறலாம், அந்தப் பக்கம் நுழையக் கூடாது.

சாவடியில் இருந்த போலீஸ்காரருக்கு என் பேரன் வயதிருக்கும். சீட்டைப் பார்த்தார். கைப்பேசியில் யாரிடமோ பேசினார். பிறகு சொன்னார்:

"விட முடியாதுங்க ஐயா. ஆனா வெயில்ல நிக்காதீங்க. இப்படி வந்து உக்காருங்க."

புளியமரத்து நிழலில் தம் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திப் போட்டார். பானைத் தண்ணீர் கொடுத்தார். "வீட்ல யாராச்சும் இதுவரைக்கும் வர முடியுமா, கேளுங்க" என்றார். அக்காவை அவள் மகன் மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்தான். அந்தப் பக்கத்துக் காவலரிடம் இவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். அவரும் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். நடுவே இரும்புத் தடுப்பு. அக்கா அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அரைமணி நேரம் அவள் அழுதாள்; நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "தம்பி, சாப்டியாடா?" என்று கடைசியில் கேட்டாள். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு போலீஸ்காரர்களும் முதுகைக் காட்டிக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

விதி ஒரு அங்குலம் வளையவில்லை. நான் எல்லையைத் தாண்டவில்லை. ஆனால் அவமானப்பட்டுத் திரும்பவும் இல்லை. ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருகிறேன். என் குற்றத்துக்கு வருகிறேன்.

அலைந்துகொண்டிருந்த அந்தப் படகுக்குக் கடைசியில் மாலத்தீவுகளின் வடகோடியில் ஒரு தீவு இடம் கொடுத்தது. அங்கேயும் இறங்க விடவில்லை. "இறங்காதீர்கள், ஆனால் இங்கே நங்கூரம் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். ஒரு தோணி வந்து குடிநீர், அரிசி, பூசணிக்காய், டீசல் எல்லாவற்றையும் ஒரு மிதவையில் கட்டிவிட்டு விலகிப் போனது. "அன்னிக்கு ராத்திரிதான் சார் தூங்கினேன்" என்றார் நண்பர். பல வாரம் கழித்து மாலே போய், அங்கே சிக்கியிருந்த நம்மவர்களை மீட்க வந்த ஜலஷ்வா என்ற கடற்படைக் கப்பலில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கினார். அங்கே தனிமை முகாம், சோதனை, நோயில்லை என்று சான்று. மீதி நாட்களை வீட்டில் தனியே கழிக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் தெருமுனையில் அப்போது மூங்கில் கட்டியிருந்தது. 'வெளியாட்களுக்கு அனுமதி இல்லை' என்ற பலகையை எழுதியது நான்தான். கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னிடம் கொடுத்திருந்தார்கள். தெருச் சங்கத்துக்குத் தலைவனும் நானே. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வந்து நின்றார். முதுகில் ஒரு பை. தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து மூங்கிலில் கட்டிவிட்டு ஆறடி பின்னால் போய் நின்றுகொண்டார். பையன்கள் சிரித்தார்கள். திருத்தணிக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று ஒருவன் சொன்னான். அந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக்கே மலையில் பக்தர்களுக்கு இடமில்லாமல் போகப்போகிறது என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

தெருவே மாடிகளில் கூடிவிட்டது. "வெளிநாட்டிலிருந்து வந்திருக்கிறான்" என்ற ஒரே பேச்சு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முகத்துணியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூடத்துக் குரலில் சொன்னேன்:

"தப்பா நினைக்காதேப்பா. உன் நன்மைக்கும் எங்க நன்மைக்கும்தான். ரெண்டு வாரம் வேறெங்காவது இருந்துட்டு வா."

அவர் சான்றை எடுத்துக் காட்டவில்லை. வாதாடவில்லை. தாயார் மாடியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, கோபமே இல்லாமல், ஓர் அதிகாரியிடம் விவரம் கேட்பதுபோலக் கேட்டார்:

"சரி சார். எங்கே இருக்கட்டும்?"

மூன்று சொற்கள் என்றேனே, அவை 'எங்கே இருக்கட்டும் சார்' என்பவைதான். நான் பதில் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, துண்டை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். திருத்தணி சாலையில் யாருடைய மாந்தோப்பிலோ, பம்புசெட்டு அறையில், பதினான்கு நாள் இருந்தார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய தாயார் தினமும் மாடியில் நின்று அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சோறு கொடுத்தோம். அவனுக்குக் கொடுக்க வேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்றிரவு என் வீட்டு இரும்புக் கதவைப் பூட்டப் போனபோதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கதவு நிற்கிற இடத்தில் முன்பு திண்ணை இருந்தது. அப்பா காலத்தில் வாசலின் இரு பக்கமும் சிவப்பு மெழுகிய இரண்டு திண்ணைகள். ஆடி மாதத்தில் காவடி எடுத்து நடந்து போகிறவர்கள் படுத்துக் கிடப்பார்கள். உப்பு விற்கிறவன் மத்தியானம் கண்ணயர்வான். யாரும் அவர்களைப் பெயர் கேட்டதில்லை. அதே சமயம் அவர்களுக்காக வீட்டுக் கதவையும் திறந்துவிட்டதில்லை. இரவானால் அப்பா உள்ளே தாழ் போட்டுக்கொள்வார். திண்ணைக்காரர்கள் வெளியே தூங்குவார்கள். இரு தரப்புக்கும் அதில் மனக்குறை கிடையாது.

அந்தக் காலத்தைப் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார்ந்துவிடவில்லை. சாதியின் பெயரால் கீழே மண்ணில் நிறுத்தப்பட்டவர்களும் உண்டு. அது எங்கள் திண்ணையின் பாவம். ஆனால் திண்ணை என்ற எண்ணம் இருக்கிறதே, அது பெரியது. கதவு வீட்டைக் காப்பாற்றுகிறது. திண்ணை வெளியே இருப்பவனைக் காப்பாற்றுகிறது. இரண்டையும் ஒரே சுவரில் கட்டிய கொத்தனுக்கு, 'உள்ளே வராதே' என்பதும் 'இங்கே இரு' என்பதும் முரணல்ல என்று தெரிந்திருக்கிறது.

மேல்நாட்டுச் சரித்திரத்திலும் இதே பாடம் இருக்கிறது. 1377-இல் ரகூசா என்ற துறைமுக நகரம், கொள்ளைநோய் பரவிய இடங்களிலிருந்து வருகிறவர்களுக்காக ஒரு சட்டம் செய்தது. நகரத்துக்குள் வருமுன் வெளியே ஒரு தீவில் ஒரு மாதம் தங்க வேண்டும். பிறகு வெனிஸ் முதலிய நகரங்களில் அது நாற்பது நாளாயிற்று. நாற்பதுக்கு அவர்கள் மொழியில் உள்ள சொல்தான் 'குவாரண்டைன்' ஆயிற்று. அந்தச் சட்டத்தை நாம் தடை என்றே நினைக்கிறோம். யோசித்துப் பார்த்தால், அதற்கு முன்பும் நகரங்கள் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தன. ரகூசா புதிதாகக் கண்டுபிடித்தது கதவை அல்ல, தீவை. 'போ' என்பதற்குப் பதிலாக, 'அங்கே இரு, பிறகு வா' என்றது. 2020-இல் பிஜித் தீவும் படகுகளுக்கு அப்படி ஒரு வழி திறந்தது. பதினான்கு நாள் தனிமை. கடலில் தனியே கழித்த நாட்களையும் அதில் கணக்கு வைத்துக்கொள்ளலாம். சோதனையில் தேறினால் இறங்கலாம். சிறிய நாடுதான். பயம் அதற்கும் இருந்தது.

திண்ணையும் மரியாதையோடு இருந்தால்தான் திண்ணை. நம் மண்டபத்தில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஏழைத் தொழிலாளர்களை இலங்கை அரசு முகாம் வைத்து, சில நாள் நிறுத்தி, சோதித்து, அம்மை குத்தித்தான் கப்பலேற்றியது. இடம் கொடுத்தார்கள், சோறு கொடுத்தார்கள். ஆனால் கொடுத்த முறை மந்தையை நடத்துகிற முறை. பொன்பாடிப் போலீஸ்காரர் கொடுத்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான் மனிதனாக உட்கார்ந்திருந்தேன்.

ஆக, பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த விடை இது. எல்லோரும் 'வேறெங்காவது போ' என்று சொல்லும்போது, அந்த 'வேறெங்காவது' என்ற இடம் எந்த வரைபடத்திலும் இல்லை. ஒருவன் எந்த வாசலில் இப்போது நிற்கிறானோ, அந்த வாசல்தான் அவனுக்கு மிஞ்சிய உலகம். ஆகவே அந்த வாசலுக்குரியவன்தான் பொறுப்பாளி. அவன் கதவைத் திறக்க வேண்டும் என்று சொல்லமாட்டேன். சமோவாவை மறக்க முடியாது. ஆனால் 'எங்கே இருக்கட்டும்?' என்ற கேள்விக்கு அவன் விடை சொல்லியாக வேண்டும். விடை சொல்ல முடியாதவனுக்குக் கதவைச் சாத்தும் உரிமை பாதிதான் உண்டு.

வெளியே நிற்பவனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அவன் கொடி உண்மைக் கொடியாக இருக்க வேண்டும். படகில் காய்ச்சலை ஒளித்துக்கொண்டு மஞ்சள் கொடி ஏற்றுகிறவன், தனக்குப் பின்னால் வரும் எல்லாப் படகுகளுக்கும் கதவைச் சாத்துகிறான். இருட்டில் ஏதாவது கரையில் ஒதுங்கிவிடலாம் என்ற யோசனை அந்தப் படகிலும் ஒரு ராத்திரி வந்ததாம். "வேண்டாம் என்று சொன்னது யார்?" என்று கேட்டேன். நண்பர் பேச்சை மாற்றிவிட்டார்.

கடலுக்கு இந்தத் தர்மம் தெரியாததல்ல. 2018 செப்டம்பரில், தன்னந்தனியாக உலகம் சுற்றும் பந்தயத்தில் போன நம் கடற்படை வீரர் அபிலாஷ் டோமியின் பாய்மரம் புயலில் ஒடிந்து, அவர் முதுகெலும்பு அடிபட்டு, தென் இந்துமாக் கடலில் கிடந்தார். அவரைத் தேடிக் கண்டது எங்கள் ராஜாளியைத் தாய்வீடாகக் கொண்ட அதே வகை விமானம்; தூக்கிக் காப்பாற்றியது பிரெஞ்சுக் கப்பல். அப்போது யாரும் முத்திரை கேட்கவில்லை. பாய்மரம் ஒடிந்தவனுக்குக் கை கொடுக்கத் தெரிந்த உலகம், ஒன்றும் ஒடியாமல் வாசலில் நிற்கிறவனைக் கண்டுதான் திகைத்துப்போகிறது.

பதினைந்தாம் நாள் அவர் வீட்டுக்கு வந்தார். மறுநாள் நான் போய், வாசலிலேயே நின்று, மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிப்போனார்.

"ஐயையோ, நீங்க மூடினதுல எனக்கு வருத்தமே இல்லை சார். நானா இருந்தாலும் மூடியிருப்பேன். இடம் தெரியாமத்தான் கொஞ்சம் கஷ்டமா இருந்தது."

அவருடைய தாயார் உள்ளேயிருந்து காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். என்னோடு பேசவில்லை. இன்றுவரை என்னோடு அவள் சரியாகப் பேசுவதில்லை. அவள் செய்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

போன வருஷம் என் வீட்டு இரும்புக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக, ஒரு கடப்பைக் கல்லைப் பதித்து வைத்தேன். ஆறடி நீளம், ஒருவர் படுக்கலாம். மேலே சிறிதாக ஒரு தகரச் சார்ப்பு. மழை அடித்தால் நனையும். திண்ணை என்று பெருமையாகச் சொல்ல முடியாது. எதற்கு இது என்று மருமகள் கேட்டாள். சும்மாதான் என்றேன். இப்போதைக்கு அதில் ஒரு தெருநாய்தான் படுத்திருக்கிறது. இருக்கட்டும்.